நகரும்போது லேசு, நிற்கும்போது கனம்



பஞ்சாரத்தைப் பார்த்தவர்கள் இந்த அரங்கில் நிறையப் பேர் இருப்பீர்கள். மூங்கில் சிம்பால் முடைந்த, அடியில்லாத பெரிய கூடை. கவிழ்த்து வைத்தால் கோழிக்கு வீடு. சாயங்காலம் கோழிகளை அதற்குள் விட்டு மூடுவார்கள். பருந்து வட்டமிடும் வேளையில் தாய்க்கோழியையும் குஞ்சுகளையும் பகலிலும் அதற்குள் வைப்பார்கள். காலையில் பாட்டி ஒருத்தியே ஒரு கையால் அதைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு, அடியில் கிடக்கும் எச்சத்தைக் கூட்டி அள்ளிக் குப்பைக்குழியில் போட்டுவிடுவாள். மறுநாள் அது வேறு இடத்தில் கவிழ்ந்திருக்கும். அதன் உச்சியில் ஒரு கல் இருக்கும்.

நான் பேச வந்த விஷயம் முழுக்க அந்தக் கல்லில் இருக்கிறது. பஞ்சாரம் லேசாக இருந்ததால் நகர்ந்தது. லேசாக இருப்பதை நாயும் தள்ளிவிடும், கீரியும் நெம்பிவிடும். அதற்காக யாரும் பஞ்சாரத்தையே கனமாக முடையவில்லை. நிற்கும் நேரத்தில் மட்டும் கனத்தை மேலே ஏற்றினார்கள், நகரும் நேரத்தில் இறக்கிவிட்டார்கள். இன்று பெங்களூரில் வீட்டுத் தோட்டத்துக்கு நகரும் கோழிக்கூடு செய்கிறவர்களில் சிலர் கூட்டை இரும்புக் கோட்டையாகச் செய்துவிட்டு நகர்த்த முடியாமல் ஒரே மூலையில் விட்டுவிடுகிறார்கள். வேறு சிலர் கேபிள் டையும் பிளாஸ்டிக் குழாயுமாகக் கட்டி, முதல் கோடை மழைக் காற்றில் பறிகொடுக்கிறார்கள். கனத்தையும் உறுதியையும் ஒன்றென்று நினைப்பதால் வரும் தொல்லை இது.

வெளிநாட்டிலும் இதே எண்ணம் வேறு வழியாக வளர்ந்தது. அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் பாலிஃபேஸ் என்ற பண்ணையை நடத்தும் ஜோயல் சாலட்டின், 10 அடிக்கு 12 அடி அளவில், 2 அடி உயரமே உள்ள அடியில்லாத கூண்டுகளில் இறைச்சிக் கோழிகளை வைத்து, தினமும் ஒரு கூண்டளவு புல்வெளியில் முன்னே நகர்த்தும் முறையைப் பரவலாக்கினார். 1993இல் அதைப் பற்றிப் புத்தகமும் எழுதினார். அடுத்த ஆண்டு ஆன்டி லீ எழுதிய ‘சிக்கன் டிராக்டர்’ என்ற புத்தகம் அதே யோசனையைக் காய்கறித் தோட்டத்துக்குள் கொண்டுவந்தது. கோழி கிளறும், களையைத் தின்னும், பூச்சியைப் பொறுக்கும், எருவும் போடும். அவர்களுக்கு ஏக்கர் கணக்கில் புல்வெளி இருந்தது. நமக்கு இருப்பது 30-க்கு 40 அடி சைட். அதிலும் வீடு போக மிச்சம். அதனால் அவர்களுடைய அளவுகளை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். சைட் முழுக்கக் கட்டிவிட்டு, மண்ணே இல்லாமல், மொட்டை மாடியில் மட்டும் கோழி வைக்க நினைப்பவர்களுக்கு இந்தக் கூடு உதவாது. மாடியில் கீரை வளர்க்கலாம். ‘ஊட்டா ஃப்ரம் யுவர் தோட்டா’ என்ற மாடித் தோட்டக்காரர்களின் சந்தைகளுக்குப் போனவர்களுக்கு மாடித் தோட்டத்தில் இந்த ஊர் எவ்வளவு சாதித்திருக்கிறது என்பது தெரியும். ஆனால் கான்கிரீட் தளத்தில் நகர்த்துவதற்கு ஒரு பொருளும் இல்லை. அங்கே எச்சம் மண்ணோடு சேராது, வெயிலில் காய்ந்து தூசியாகப் பறக்கும். மண் இருக்கிறவர்களுக்குத்தான் நான் பேசுகிறேன். ராமமூர்த்தி நகரிலும் ஹொரமாவிலும் கல்கெரேயிலும் வீட்டுக்குப் பின்னால் கொஞ்சம் இடம் வைத்திருக்கிறவர்கள், பக்கத்துக் காலி சைட்டை உரிமையாளரிடம் கேட்டு வாங்கிப் பயிர் செய்கிறவர்கள், இப்படிப் பலர் இருக்கிறீர்கள்.

ஏன் நகர்த்த வேண்டும்? ஒரு கோழி நாளைக்குச் சுமார் 100 கிராம் எச்சம் போடும். நான்கு கோழிகள் ஒரே இடத்தில் ஒரு மாதம் நின்றால் 12 கிலோ. பெங்களூரில் ஆண்டுக்குக் கிட்டத்தட்ட 970 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. அதில் பெரும்பங்கு மே முதல் அக்டோபர் வரைதான். அந்த மாதங்களில் செம்மண்ணும் எச்சமும் சேர்ந்து சேறானால் அம்மோனியா நெடி எழும், ஈ மொய்க்கும், பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டுவார். அதையெல்லாம்விட, இரத்தக் கழிச்சல் என்று நாம் சொல்லும் நோய் இருக்கிறதே, அதன் கிருமி எச்சத்தோடு வெளியே வந்தவுடன் தொற்றாது. ஈரமும் வெதுவெதுப்பும் கிடைத்தால் ஒன்றிரண்டு நாளில் தொற்றும் நிலைக்கு முதிரும். அதற்குள் கோழி அந்த இடத்தைவிட்டுப் போய்விட்டால் அது தின்னும் கிருமி வெகுவாகக் குறைந்துவிடும். தினமும் நகர்த்த வேண்டும் என்று நான் வற்புறுத்துவதற்கு இதுதான் காரணம். வாரம் ஒருமுறை நகர்த்தினால் புல் பிழைக்கலாம், கோழி நோயிலிருந்து தப்பாது.

சரி, தினமும் நகர்த்தினால் எத்தனை நாளில் முதல் இடத்துக்குத் திரும்புவோம்? இந்தக் கணக்கைப் போடாமல் யாரும் கம்பி வாங்கப் போகக்கூடாது. உங்களிடம் 400 சதுர அடி மண் இருக்கிறது என்று வையுங்கள். 8 அடிக்கு 4 அடிக் கூடு என்றால் 32 சதுர அடி. பன்னிரண்டு இடங்கள்தான் கிடைக்கும், பதின்மூன்றாம் நாள் பழைய இடத்துக்கே வந்துவிடுவீர்கள். புல் தழைக்க அது போதாது. உருண்டைப் புழுவின் முட்டைகளோ இரண்டு வாரம் போல மண்ணில் கிடந்து முதிர்கிறவை. நீங்கள் திரும்பி வரும் நேரத்துக்குச் சரியாக அவை தயாராக இருக்கும். அதே 400 சதுர அடியில் 4-க்கு 4 கூடு வைத்தால் 16 சதுர அடி, இருபத்தைந்து இடங்கள். அதில் இரண்டு கோழி வளர்க்கலாம், மண்ணுக்கும் ஓய்வு கிடைக்கும். புழு முட்டை மாதக் கணக்கில் மண்ணில் கிடக்கக்கூடியது என்பதால், இருபத்தைந்து நாள் இடைவெளி விட்டாலும் கால்நடை மருத்துவர் சொல்கிறபடி குடற்புழு மருந்து கொடுக்க வேண்டியதுதான்.

“இரண்டே கோழியா?” என்று கேட்பீர்கள். ஹெப்பாள் கால்நடை மருத்துவக் கல்லூரியில் உருவான ஸ்வர்ணதாரா இனம் 2005இல் வெளியானது. நன்றாகக் கவனித்தால் ஒரு கோழி ஆண்டுக்கு ஏறத்தாழ 180 முட்டை போடும். இரண்டு கோழி என்றால் கிட்டத்தட்ட தினம் ஒரு முட்டை. சிறிய குடும்பத்துக்கு, குழந்தைக்கு அவித்துக் கொடுப்பதற்கு, அது குறைவில்லை. அதற்கு முன்பே இதே ஊர் வேளாண் பல்கலைக்கழகம் கிரிராஜாவைத் தந்தது. கொல்லைப்புறத்தில் வளர்ப்பதற்கென்றே உருவாக்கிய பறவை அது. நம் ஊர் நாட்டுக்கோழி ஆண்டுக்கு 60 முதல் 80 முட்டைதான் இடும். ஆனால் தன்னைக் காத்துக்கொள்ளத் தெரிந்தது, ஆபத்தென்றால் கிளையில் ஏறிவிடும். கிரிராஜா உடல் பெருத்தது, பறந்து தப்பும் திறன் குறைவு. அதைக் காப்பது முழுக்கக் கூட்டின் பொறுப்பு. சேவல் வேண்டாம். முட்டைக்குச் சேவல் தேவையில்லை, விடியற்காலை நான்கு மணிக்கு அது கூவினால் தெரு முழுக்க எழுந்துவிடும்.

இப்போது கூட்டுக்கு வருவோம். வீட்டில் யார் தினமும் காலையில் அதை நகர்த்தப் போகிறார்கள்? இதைத்தான் முதலில் கேட்க வேண்டும். செய்கிறவர் பெரும்பாலும் வீட்டு ஆண். ஞாயிற்றுக்கிழமை உற்சாகத்தில் செய்வார். திங்கட்கிழமையிலிருந்து நகர்த்துகிறவர் அம்மா, அல்லது மாமியார், அல்லது பள்ளிக்குக் கிளம்பும் பிள்ளை. அவர்களில் வலுக் குறைந்தவர் இடுப்பைப் பிடித்துக்கொள்ளாமல் தூக்கக்கூடிய எடைதான் கூட்டின் எடை. கைப்பிடிப் பக்கம் 8 கிலோவுக்கு மேல் போகக்கூடாது என்பது என் கருத்து. பின்பக்கம் சக்கரம் இருந்தால், தூக்குகிறவர் கைக்கு மொத்த எடையில் ஏறத்தாழ பாதிதான் வரும். ஆகவே கூடு 15 கிலோவுக்குள் அடங்க வேண்டும்.

அடங்குமா? கணக்குப் பார்ப்போம். கூரை வடிவில், இரண்டு பக்கமும் சரிந்து உச்சியில் சேரும் முக்கோணக் கூடு. அடிச்சட்டம் 4-க்கு 4, முகடு 3 அடி உயரம். சட்டத்துக்கு மொத்தம் சுமார் பத்தரை மீட்டர் குழாய் ஆகும். கிரில் கடைக்குப் போனால் வெல்டர் நல்ல மனதோடுதான் 25 மில்லிமீட்டர் சதுரக் குழாயை, 2 மில்லிமீட்டர் கனத்தில் எடுத்து வைப்பார். “சார், ஸ்ட்ராங்கா இருக்கட்டும்” என்பார். அதில் செய்தால் சட்டம் மட்டும் 15 கிலோ. முக்கால் அங்குலம், அதாவது 19 மில்லிமீட்டர் குழாயை 1.2 மில்லிமீட்டர் கனத்தில் வாங்கினால் அதே சட்டம் 7 கிலோதான். மெல்லிய குழாயில் வெல்டிங் வைக்கும்போது ஓட்டை விழும், அதனால்தான் அவர் தயங்குகிறார். கைத்திறன் உள்ளவரிடம் போய், கரண்ட் குறைத்து வைத்துப் பொட்டுப் பொட்டாகப் பற்றவைக்கச் சொல்லுங்கள். அலுமினியம் இரும்பின் எடையில் மூன்றில் ஒரு பங்கு. வசதி இருந்தால் அதை ரிவெட் அடித்துச் செய்யலாம்.

முக்கோணத்தை நான் விரும்புவதற்குக் காரணம் உண்டு. நான்கு மூலை உள்ள பெட்டியை ஒரு மூலையைப் பிடித்து இழுத்தால் அது சாய்சதுரமாக நெளியும். மூட்டுகள் தளரும், கதவு சேராது. அதைத் தடுக்கப் பெட்டிக்கு இன்னும் நான்கு குழாய் சேர்ப்பார்கள், எடை ஏறும். முக்கோணம் தானாகவே நெளியாது. பெட்டி வடிவம்தான் வேண்டும் என்பவர்கள், குழாய்க்குப் பதில் மூலைவிட்டமாக ஜிஐ கம்பியைக் குறுக்கும் நெடுக்குமாக இறுக்கிக் கட்டினாலே போதும். சில நூறு கிராமில் வேலை முடிந்துவிடும். முக்கோணக் கூட்டின் குறை, ஓரங்களில் கோழியால் நிமிர்ந்து நிற்க முடியாது, கை விட்டுச் சுத்தம் செய்யவும் சிரமம். அதற்காக ஒரு சரிவு முழுவதையும் கீல் வைத்துத் திறக்கும்படி செய்துகொள்ளுங்கள்.

மூங்கில்? சிவாஜிநகர்ப் பக்கம் பாம்பூ பஜார் என்றே ஒரு பகுதி இருக்கிறது. கன்னட நாட்டில் மேதர சமூகத்தார் தலைமுறை தலைமுறையாக மூங்கில் முடைகிறவர்கள். மூங்கில் கூடு அழகு, எடையும் குறைவு. பச்சை மூங்கிலை அப்படியே வைத்தால் துளைப்பூச்சி ஓரிரு ஆண்டில் மாவாக்கிவிடும். போராக்ஸும் போரிக் அமிலமும் கலந்த கரைசலில் ஊறவைத்து உலர்த்த வேண்டும். மல்லேசுவரம் 18ஆவது கிராஸில் இருக்கும் மர அறிவியல் தொழில்நுட்ப நிறுவனம் இத்தகைய பதப்படுத்தலில் ஆராய்ச்சி செய்யும் இடம். மூங்கிலில் நான் கவலைப்படுவது வேறொன்றுக்காக. கணுவிலும் பிளவிலும் கோழி உண்ணி பகலெல்லாம் ஒளிந்திருந்து, இரவில் வெளிவந்து கோழியின் இரத்தத்தைக் குடிக்கும். இரும்புச் சட்டத்தை வெந்நீர் ஊற்றிக் கழுவிவிடலாம். மூங்கில் கட்டுகளில் அது முடியாது. மேற்கூரைக்கு வேண்டுமானால் மூங்கிலைத் தாராளமாகப் பயன்படுத்தலாம். தும்கூர் ரோட்டில் இருந்த பிளைவுட் ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கிய மூங்கில் பாய் நெளிதகடு இந்த ஊர்ச் சரக்கு. தகரம்போல வெயிலில் காந்தாது. 6 மில்லிமீட்டர் இரட்டைச்சுவர்ப் பாலிகார்பனேட் தகடு சதுர மீட்டருக்கு ஒன்றே கால் கிலோ போல வரும், அதுவும் சரிதான். ஆனால் அதன் மேல் நிழல் வலை போட்டாக வேண்டும். கோழிக்கு வியர்வை இல்லை. உடம்புச் சூடே 41 டிகிரிக்கு மேல். ஏப்ரல் மதியத்தில் வாயைப் பிளந்து மூச்சு வாங்கத் தொடங்கினால் அது தாங்க முடியாமல் இருக்கிறது என்று அர்த்தம்.

பிவிசி குழாய்க் கூடுகளைப் பற்றிக் கேட்கிறார்கள். வெயிலில் பிவிசி சில ஆண்டுகளில் நொறுங்கும் தன்மைக்கு வந்துவிடும். தெருநாய் ஒன்று முன்னங்காலை வைத்து ஏறினால் மூட்டு விலகும். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை.

வலையில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள். அறுகோணக் கண் உள்ள கோழிவலை கோழியை உள்ளே வைக்கும், நாயை வெளியே வைக்காது. பல்லால் இழுத்தாலே கிழிந்துவிடும். அரை அங்குலக் கண் உள்ள வெல்டு மெஷ் போடுங்கள். கீரியின் தலை நுழையாது, பெருச்சாளி நுழையாது, சிறிய பாம்பு நுழையலாம், பெரியது நுழையாது. 20 கேஜ் என்றால் சதுர மீட்டருக்கு முக்கால் கிலோதான். கூடு முழுக்க மூன்று கிலோவில் முடிந்துவிடும். லேசாகவும் இருந்து உறுதியாகவும் இருக்கும் பொருள் இதுதான். அடியில் வலை வேண்டாம், கோழி மண்ணைக் கிளற வேண்டும். அதற்குப் பதில், அடிச்சட்டத்தின் நான்கு பக்கமும் ஓர் அடி அகலத்துக்கு அதே வலையைக் கீலில் தொங்கவிட்டு, நிற்கும்போது தரையில் வெளிப்பக்கமாக விரித்துவிடுங்கள். நாயோ பெருச்சாளியோ சுவரோரமாகத்தான் தோண்டத் தொடங்கும். தோண்டும் இடத்தில் வலை காலுக்கடியில் கிடந்தால் அதற்குப் பிடி கிடைக்காது. நகர்த்தும்போது வலையை மடக்கி மேலே கொக்கியில் மாட்டிவிடலாம். தரை சமமாக இல்லாத இடத்தில் சட்டத்துக்கும் மண்ணுக்கும் இடைவெளி விழும். பழைய சைக்கிள் டியூபைப் பட்டையாக வெட்டி அடியில் தொங்கவிட்டால் அது அடைபடும்.

சக்கரம் வைப்பதில் ஒரு நுட்பம் இருக்கிறது. சக்கரத்தைச் சட்டத்துக்கு அடியில் வைத்தால் கூடு எப்போதும் தரையிலிருந்து உயர்ந்தே நிற்கும், கீரிக்கு வாசல் திறந்துவிட்ட மாதிரி. பின்சட்டத்துக்கு வெளியே, பின்பக்கம் நீட்டிக்கொண்டு, சக்கரத்தின் அடி தரையிலிருந்து ஒரு விரல்கனம் உயர்ந்திருக்கும்படி பொருத்துங்கள். கூடு நிற்கும்போது சக்கரம் தரையைத் தொடாது, சட்டம் மண்ணில் அழுந்தி உட்காரும். முன்பக்கத்தைத் தூக்கினால் கூடு பின்னால் சாயும், சக்கரம் தரையைத் தொட்டுப் பாரத்தை வாங்கிக்கொள்ளும், பின்சட்டம் தானாக எழும்பும். 8 அங்குலச் சக்கரமாவது வேண்டும். சின்னச் சக்கரம் மழைக்காலச் செம்மண்ணில் புதைந்துவிடும்.

இரவுக்கு, முகட்டுக்குக் கீழே பாதி நீளத்துக்கு ஒரு பரண். காட்டுக்கோழியின் வம்சம் அல்லவா, உயரத்தில் ஏறி உட்கார்ந்தால்தான் நிம்மதியாகத் தூங்கும். ஒரு கோழிக்கு 8 முதல் 10 அங்குலம் கொம்பு போதும். பரணில் 12 மில்லிமீட்டர் பிளைவுட் போடாதீர்கள், ஒரு சதுர மீட்டரே 7 கிலோவுக்கு மேல் போகும். மெல்லிய பலகையின் மேல் காய்ந்த இலையைப் பரப்புங்கள். இந்த ஊரில் தெருவெங்கும் கூட்டிக் குவித்து எரிக்கிறார்களே, அந்த இலைதான். எச்சத்தோடு சேர்த்து வாராவாரம் அள்ளி மக்கப் போடலாம். முகட்டை ஒட்டி இரண்டு முனையிலும் வலை மட்டும் இருக்கட்டும், அடைக்க வேண்டாம். பெங்களூர்க் குளிர் கோழியைக் கொல்லாது. மூடிய கூட்டில் தேங்கும் ஈரம் நோயைக் கொண்டுவரும்.

இனி அந்தக் கல். கூடு 15 கிலோ. ஏப்ரல், மே மாதத்தில் மாலையில் திடீரென்று புழுதி கிளப்பிக்கொண்டு ஆலங்கட்டியோடு வரும் மழைக்காற்று மரத்தையே சாய்க்கிறது, 15 கிலோ எம்மாத்திரம்? இரண்டு பக்கமும் அடிச்சட்டத்தை ஒட்டித் தலா ஒரு 20 லிட்டர் தண்ணீர்க் கேனை நிறுத்தி, கொக்கியால் சட்டத்தோடு பிணைத்துவிடுங்கள். பழைய கேன் எல்லார் வீட்டிலும் கிடக்கிறது. நிரப்பினால் 40 கிலோ பாரம். காலையில் அதே தண்ணீரை முருங்கைக்கும் வாழைக்கும் ஊற்றிவிட்டு, கூட்டை நகர்த்திவிட்டு, ஹோஸ் வைத்து மறுபடி நிரப்புங்கள். 2024 கோடையில் இந்த ஊர் தண்ணீருக்குப் பட்ட பாட்டை யாரும் மறந்திருக்க மாட்டோம். பாரத்துக்காக ஒரு சொட்டும் வீணாக்க வேண்டியதில்லை, செடிக்கு ஊற்ற வேண்டிய தண்ணீர்தான் இரவெல்லாம் கூட்டைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. இதோடு, வளைத்த கம்பி முளை நான்கு, ஓர் அடி ஆழத்துக்கு அறைந்துவிட்டால் காற்றுக்கு அசையாது.

நகர்த்தும்போது கோழியின் கால் பின்சட்டத்தில் மாட்டி நசுங்கும் ஆபத்து உண்டு. தீனி வைப்பதற்கு முன் நகர்த்துங்கள். தீனித் தட்டை முன்பக்கத்தில் காட்டினால் இரண்டும் முன்னே ஓடி வந்துவிடும், பின்சட்டம் வெறுந்தரையில்தான் நகரும். பழகிய கோழிகள் கைப்பிடிச் சத்தம் கேட்டதும் தாமாகவே முன்னே நடக்கும்.

எந்த வழியாக நகர்த்துவது என்பதையும் யோசியுங்கள். மாமரம், முருங்கை, வாழை, கறிவேப்பிலை, இவற்றைச் சுற்றிப் போகலாம். கீரைப் பாத்தியிலும் கொத்தமல்லிப் பாத்தியிலும் அறுவடை முடிந்த பிறகு மட்டும் ஏற்றுங்கள். அதன்பின் நான்கு மாதமாவது பச்சையாகத் தின்னும் எதையும் அங்கே பறிக்கக்கூடாது. எச்சத்தில் சால்மோனெல்லா இருக்கலாம். காலி சைட்டில் ஓட்டுவதாக இருந்தால் முதலில் கண்ணாடித் துண்டும் ஆணியும் பொறுக்கி எடுங்கள். பளபளப்பது எதுவானாலும் கோழி கொத்தி விழுங்கிவிடும். பார்த்தீனியத்தைக் கையுறை போட்டுப் பிடுங்கிவிடுங்கள், அதைக் கோழி தின்னாது.

நோய் விஷயத்தில் இந்த ஊருக்கு அனுபவம் இருக்கிறது. 2012 அக்டோபரில் ஹெசரகட்டாவில் உள்ள மத்தியக் கோழி வளர்ப்பு நிறுவனத்திலேயே பறவைக் காய்ச்சல் வந்து வான்கோழிகள் மடிந்தன. 2018 ஜனவரியில் தாசரஹள்ளியில் வந்தது. அரசு நிறுவனத்துக்கே வந்தது நம் கொல்லைக்கு வராது என்று இருக்க முடியாது. தீனியும் தண்ணீரும் கூரைக்குக் கீழேயே இருக்க வேண்டும், காக்கையும் புறாவும் அதில் வாய் வைக்கக்கூடாது. இறைச்சிக் கடைக் கழிவைத் தீனியாகக் கொண்டுவராதீர்கள். கோழி திடீரென்று செத்தால் குழி தோண்டி மறைக்காமல் கால்நடை மருத்துவரிடம் சொல்லுங்கள். வெள்ளைக்கழிச்சலுக்குக் குஞ்சாக இருக்கும்போதே, முதல் வாரத்தில், கண்ணிலோ மூக்கிலோ சொட்டு மருந்து விட வேண்டும். எட்டாவது வாரத்தில் ஊசி. இதைத் தள்ளிப்போட்டு மொத்தக் கோழியையும் இழந்த குடும்பங்கள் எத்தனையோ.

கடைசியாக ஒரு வேண்டுகோள். கூடு செய்து முடித்த அன்றே குஞ்சு வாங்கப் போகாதீர்கள். வெறுங்கூட்டை ஒரு வாரம் தினமும் காலையில், நகர்த்தப் போகிறவரையே நகர்த்தச் சொல்லுங்கள். கேனைக் காலி செய்து, முளையைப் பிடுங்கி, வலையை மடக்கி, இழுத்து, மறுபடி எல்லாவற்றையும் பொருத்த எவ்வளவு நேரம் ஆகிறது என்று பாருங்கள். பத்து நிமிடத்துக்கு மேல் ஆனாலோ, அம்மா மூன்றாம் நாள் முகம் சுளித்தாலோ, கூட்டில் இன்னும் எடை குறைக்க வேண்டும். எந்தக் குழாய், எந்தப் பலகை என்று தேடி மாற்றுங்கள். அது சரியான பிறகு ஹெப்பாளில் போய்க் குஞ்சுக்குப் பதிவு செய்யுங்கள். குஞ்சு வந்ததும் முதல் ஆறு எட்டு வாரம், தொடக்கத்தில் பல்பு வெளிச்சத்துச் சூட்டில், வீட்டுக்குள்தான் வளர வேண்டும், அதுவரை கூடு வெளியே வெயிலும் மழையும் பட்டுப் பழகட்டும்.